அண்ணன் முறையன்று நட்ட கழி

ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊரில் அங்காளம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் துளசிங்கம், இளையவன் பொன்னுரங்கம். தகப்பன் அவர்களுக்கு விட்டுப்போனது பாடு ஒன்றுதான். ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை போடலாம் என்று ஊர் சீட்டெடுத்து வைக்கும் முறை அது. பட்டியலில் பேர் இருந்தால் வலைக்காரன். இல்லாதவன் சேற்றில் கைவிட்டு இறால் தடவ வேண்டியதுதான்.

எண்பத்து மூணில் ஏரியின் அடிமண்ணைத் துளைத்துப் பார்க்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. பல தேசத்தில் மண் பார்த்த கம்பெனியாம். எதற்குத் துளைக்கிறார்கள் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. பொன்னுரங்கத்தைத் தோணி ஓட்ட வைத்துக்கொண்டார்கள். கழியை ஒரு குத்து குத்தினால் கீழே களியா சிப்பியா என்று சொல்லிவிடுவான். குழாயில் ஏறிவரும் மண்ணும் அப்படியே இருக்கும். வேலை நிரந்தரமாகும் என்று சர்வேயர் தெய்வசிகாமணி சொன்னார். பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி இந்திராணி மட்டும் நம்பவில்லை.

ஐப்பசியில் ஒரு துளை, முறைப்படி வலை போடும் பாட்டு இடத்துக்கு நடுவிலேயே வந்து விழுந்தது. துளைக்கும் இயந்திரத்தின் மிதவை மேடை ஒரு நாள் முழுக்க அங்கே நிற்க வேண்டும். அடுத்தவன் முறையில் நிறுத்தினால் வெட்டுக்குத்து ஆகும். நாலாம் நாள் அண்ணன் முறை. கூடப் பிறந்தவன், ஒரு நாள் பொறுத்துக்கொள்ள மாட்டானா என்று பொன்னுரங்கம் நினைத்தான். கேட்டால் அந்நியமாக இருக்குமே என்று கேட்கவும் இல்லை. அன்று விடிகாலையிலேயே மேடை நிற்க அடையாளக் கழியை நட்டான்.

துளசிங்கம் வலையோடு வந்தபோது இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது. இறால் கலைந்துவிட்டது. தோணியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. அடுத்தவன் முறையில் கழி நட்டவனுக்குப் பாடு கிடையாது, நஷ்டப்பட்டவன் மன்னித்தால் அபராதத்தோடு போகும். ஊர்த்தலைவரான நாட்டார் தருமலிங்கம், மன்னிக்கிறாயா என்று துளசிங்கத்தைக் கேட்டார். அண்ணன் சொல்வதற்குள் பொன்னுரங்கம் சிரித்தபடி முந்திக்கொண்டான்.

"உன் மொறைன்னுதாண்ணே நட்டேன். வேற எவன் மொறையிலயாவது நட்டிருந்தா கைய ஒடிச்சிருப்பான்."

"அவனுக்குப் பயந்த. நான்னா இன்னா, இளிச்சவாயனா?" என்றான் துளசிங்கம். "பேரை வெட்டிடுங்க. காலியாவுற எடத்த எம்புள்ளைக்குக் குடுங்க. கல்யாணம் ஆயி பேர் ஏறாம கெடக்கறான்."

அங்காளம்மாள் பெண்களோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சோறு மூத்தவன் வீட்டில். தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுரங்கத்தின் பேரை ஊர் வெட்டியது.

ஊர் விவகாரத்தில் கம்பெனி தலையிடாது என்றார் தெய்வசிகாமணி. தையில் மேடையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலையும் அதோடு போனது. புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவினார்கள். சிப்பி கிழித்த இந்திராணியின் விரல்கள் மடங்காமல் போயின.

அடுத்த சீட்டெடுப்பு நாளில் பொன்னுரங்கம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போய் முன்னால் நின்றான். ஊர் மனம் இளகியிருக்கும் என்று ஒரு நினைப்பு. துளசிங்கம் பேரைப் படித்தார்கள். அடுத்து அவன் மகன் பேர். பொன்னுரங்கம் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, பக்கத்தில் வந்து மரியாதையாகத்தான் சொன்னான்.

"கொஞ்சம் நவுரு சித்தப்பா. பாடு இருக்கறவங்க வரணும்."

பொன்னுரங்கம் நகர்ந்து வழிவிட்டான்.