டீச்சர் ஃபிளெக்ஸில் தப்பான டி.என்.ஏ.

போன வாரம் தென்காசியில் தபால்தலைக் கண்காட்சி. குற்றாலத்தில் சீசன் வேறு... அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டிய துண்டோடு வந்து பார்த்தவர்களே பாதிப் பேர்.

என் மனைவி கோமதி வடகரையில் உயிரியல் டீச்சர். டி.என்.ஏ. படம் போட்ட தபால்தலைகளாகத் தேடித் தேடிச் சேர்க்கிறவள். கல்ஃபில் இருக்கும் பழைய மாணவர்கள், கூட வேலை செய்யும் பல நாட்டுக்காரர்களிடம் கேட்டு வாங்கி அனுப்புவார்கள். முதல்முறையாக அவற்றைப் போட்டிக்கு வைத்திருந்தாள். பரிசு வாங்கியே தீர வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் வெறி.

டி.என்.ஏ. ஏணி எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு ஏறும், தெரியுமா? சாதாரண ஸ்க்ரூவின் மரை போல, வலப்பக்கம். சில தபால்தலைகளில் ஓவியர்கள் அதை இடப்பக்கம் முறுக்கிவிட்டார்கள். அவற்றின் கீழே மட்டும் 'முறுக்கு தவறு' என்று சின்ன அட்டை குத்தியிருந்தாள். அதைப் பார்க்கத்தான் கூட்டம்!

நான் சும்மா இருப்பேனா? அவளுடைய போட்டோ, பக்கத்தில் ஆளுயர டி.என்.ஏ. — அவளுக்குச் சொல்லாமல் ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டிவிட்டேன். ஊரில் காதுகுத்துக்கே அடிக்கிறோம், இதற்கு அடிக்க மாட்டோமா?

பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"ஏங்க... இது இடப்பக்கம்லா சுத்துது?"

ஃபிளெக்ஸ் கடைத் தம்பிக்கு போன் போட்டேன்.

"படம் மேடத்த விட்டு விலகிச் சாஞ்சிருந்துது அண்ணாச்சி. அதான் கண்ணாடில தெரியுத மாதிரி திருப்பிப் போட்டேன்" என்றான்.

நடுவர்கள் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டார்கள். அவிழ்த்துச் சுருட்டிவிடலாம் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது? பார்த்துவிட்டுப் போனவர்களிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டாள் கோமதி. ஓர் அட்டையை எடுத்தாள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். தன் போட்டோவுக்குப் பக்கத்திலேயே குத்தினாள் — 'முறுக்கு தவறு'.

நடுவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, உங்கள் ஃபிளெக்ஸிலேயே ஏனம்மா என்று கேட்டார்.

"அடுத்த நாட்டு ஸ்டாம்புக்கு ஒரு நியாயம், எங்க வீட்டு ஃபிளெக்ஸுக்கு ஒரு நியாயமா சார்?"

கிடைத்தது இரண்டாம் பரிசுதான். இருந்தாலும் அன்று பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளிடம் படிக்கிற பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

கட்டிக்கொண்ட நான்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!