எழுத்து அட்டவணையும் ஒரு நாற்காலியும்

அருள்புரத்தில், பனியனுக்கு லேபிள் அச்சடிக்கும் யூனிட் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதிக்கொடுத்த காலத்தில், என்னைவிட அறிவாளி பல்லடம் ரோட்டில் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மற்ற ரோடுகளில் விசாரிக்கவில்லை.

பிரெஞ்சு லேபிளின் வாசகம் அச்சுக்குப் போகுமுன் என் புரோகிராம் அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, பனியனை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்ட வாசகத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவரை அச்சான லேபிளைக் கண்ணாலேயே சரிபார்த்து வந்தவர் தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஓர் அக்கா.

"இது பாஸாயிட்டா அக்காவப் பேக்கிங்குக்கு மாத்திக்கலாமுங்க" என்றார் முதலாளி. பேக்கிங்கில் நாளெல்லாம் நிற்க வேண்டும். அக்காவுக்கு முட்டிவலி.

"உங்க புரோகிராமுக்கு முட்டி கெடையாதுல்லா தம்பி" என்றார் அக்கா, நாற்காலியை விட்டு எழாமலே.

சொல்லைப் பிரிக்க, யாரோ முன்பே எழுதிவைத்த லைப்ரரி என்ற புரோகிராம் துண்டை எடுத்துக்கொண்டேன்; அதற்கு ஓர் அட்டவணை தேவை. இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள். ஒவ்வொரு குறியும் எழுத்தா, எண்ணா, இடைவெளியா என்று அதில் இருக்கும். மொழியைச் சொன்னால் கணினியே கட்டித் தரும். பிரெஞ்சு என்றேன். என் கணினியில் பிரெஞ்சுக்கான அமைப்பை நிறுவியிருக்கவே இல்லை. அதுவோ 'இல்லீங்க' என்றுகூடச் சொல்லாமல் ஆங்கில அட்டவணையை நீட்டிவிட்டது. தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தெல்லாம் அதில் எழுத்தே இல்லை. கமா மாதிரி வெறும் குப்பை.

சோதிக்கவில்லையா? சோதித்தேனே! எங்கள் ஊரில் சாம்பிள்தான் வேதம். ஒப்புதலான பீஸை மாட்டிவைத்து, பின்னால் வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடுவோம். நானும் முதலில் கட்டிய அட்டவணையைச் சாம்பிளாக வைத்து, அதே கணினியில் மறுபடி கட்டிய இரண்டாவதை அதோடு ஒப்பிட்டேன். அப்படியே பொருந்தியது. சாம்பிளுக்கு ஒப்புதல் தந்த மகானும் நானே என்பது உறைக்கவில்லை.

சோதனை நாளன்று வந்த ஃபைலில், கோடு போட்ட எழுத்தெல்லாம் எங்கோ காப்பி ஆனபோது கேள்விக்குறியாக மாறியிருந்தது. என் புரோகிராமுக்கு இரண்டும் குப்பை; இரண்டையும் தள்ளிவிட்டு மீதியை ஒப்பிட்டு, 'சரி' என்றது. முதல் ரோல் ஓடத் தொடங்கியதும் அக்கா ஒரு லேபிளைக் கிழித்துக் கண்ணருகே பிடித்தார்.

"ஏன் தம்பி, துணி துவைக்கதப் பத்தி வெள்ளக்காரன் நம்மகிட்ட என்னமோ கேக்கானே?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதையா சரீன்னு சொல்லுச்சு உங்க புரோகிராமு?"

"ஆமாங்க."

"மிஷின நிறுத்துங்க. இனி அக்கா பாக்காம ஒரு ரோல் ஓடக் கூடாதுங்க."

பிரெஞ்சை ஒழுங்காக நிறுவி அட்டவணையை மறுபடி கட்டினேன். இந்த முறை சாம்பிள் என்னுடையதல்ல. எல்லாக் கட்டங்களையும் தாளில் அச்சடித்து, பையர் ஒப்புக்கொண்ட லேபிளோடு அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. இருநூறாவது கட்டத்தில் என் முட்டி முனகியது.

"உக்காருதீயளா தம்பி?"

"பரவால்லக்கா."

"சும்மா கேட்டேன். நான் எந்திரிக்க மாட்டேன்" என்று அடுத்த கட்டத்துக்குப் போனார்.