கால் வீக்கமும் கன்ஸ்யூமர் கோர்ட்டும்

டாக்டர்கள் மேல கேஸ் போடற வக்கீலுக்குக் காய்ச்சல் மட்டும் வரவே கூடாதுங்க. போன மாசம் எனக்கு வந்துச்சு. சீட்டுல என் பேரைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதறதுக்கு முன்னால மூணு டெஸ்ட் எழுதினார்.

கோயமுத்தூர் நுகர்வோர் ஆணையத்துல பதினஞ்சு வருசமா நான் பார்க்கறது பெரும்பாலும் ஆஸ்பத்திரி கேஸ்தான். அதுலயும் கால்ல இரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கறப்ப "சதைப் பிடிப்புதான், போங்க"ன்னு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அப்புறம் அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி அடைச்சவங்க கேஸ் எப்படியோ என்கிட்டயே வந்து சேருது. டாக்டர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு, வெளியே வந்து "என்ன சொன்னாரு?"ன்னு நர்ஸைக் கேட்டவங்க நீங்கன்னா, இது உங்களுக்குத்தான். நானும் அப்படித் தலையாட்டினவதான். ஒரே ஒரு கேஸை மட்டும் சொல்றேன்.

நாற்காலி நுனி

ரங்கசாமி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்துல தேங்காய் உரிக்கிறவர். கடப்பாரையில ஒரு குத்து, ஒரு திருகு, மட்டை தனி, காய் தனி. உள்ளங்கை ரெண்டும் காய்ச்சுப்போய் மரப்பலகையாட்டம் இருக்கும். என் ஆபீசுக்கு வந்து நாற்காலி நுனியில உட்கார்ந்தவர், கடைசி வரைக்கும் முதுகைச் சாய்க்கவே இல்லை.

சம்சாரம் சரஸ்வதிக்கு இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை ஆபரேஷன். அஞ்சாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிருச்சு. சதைப் பிடிப்புன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணாம் நாள் மூச்சு முட்டி, அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ஸ்கேன்ல நுரையீரல்ல கட்டி. அன்னைக்கே சரஸ்வதி போயிட்டாங்க. அப்ப, வீட்டுக்கு அனுப்பின அதே டாக்டர் வராந்தாவுல நின்ன ஒரே மக கவிதாகிட்ட, ரங்கசாமி காதுபடவே, "காலை யாரும்மா நீவுனது? அதுலதான் கட்டி பெயர்ந்துருச்சு"ன்னு சொல்லியிருக்கார். நீவுனது அப்பா. கவிதா அன்னைக்கு மூடின வாயை அப்பாகிட்டத் திறக்கவே இல்லை.

நஷ்ட ஈடு, வழக்குச் செலவுன்னு நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன். அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னார்: "பணத்துக்கு வரலீங்க அம்மணி. அவ என்ற கையாலதான் போனாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லிப்போடுங்க."

முத்து முத்தா ஒரு வரி

ஆஸ்பத்திரியில என்னென்ன பார்த்தாங்கன்னு எழுதி வெக்கற கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டா மூணு நாள்ல தரணும்னு விதி. ரெண்டு மாசம் ஆச்சு. நானா இருந்தா சண்டை போட்டுக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். என் குமாஸ்தா இஸ்மாயில் பாய் கோட்டைமேட்டுக்காரர். தினமும் காலையில அங்க போய், ரெக்கார்டு ரூம்காரருக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டு, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துக்குவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இந்த மனுசன் முகத்துல முழிக்க முடியலைன்னே கடைசியில கொடுத்துட்டாங்க.

அதுல வீட்டுக்கு அனுப்பின அன்னைக்குக் காலையில ஒரு நர்ஸ் எழுதி வெச்சிருந்தாங்க: இடது கெண்டைக்கால் வீக்கம், வலி, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதுக்குக் கீழ டாக்டர் எழுதினது டிஸ்சார்ஜ்ங்கற ஒரே வார்த்தை. இரத்தக் கட்டி இருக்குதான்னு பார்க்கற ஸ்கேன் அதே கட்டடத்துல, கீழ்த் தளத்துல இருந்துச்சு. பாய் அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டுச் சொன்னார்: "நர்ஸம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க மேடம். பாவம், படிக்கத்தான் ஆள் இல்லை."

கிளாஸ் எடுத்தவர்

டாக்டர் தப்புன்னு சொல்ல இன்னொரு டாக்டர் வேணும். அங்கதான் எங்க வண்டி நின்னு போகும். ரிட்டயர்டு சர்ஜன் ஒருத்தர், தங்கமான மனுசர், வீட்டுக்குக் கூப்பிட்டு காபி கொடுத்து ரெண்டு மணி நேரம் பாடமே நடத்தினார். ஆபரேஷன் முடிஞ்சு படுத்தே கிடந்தவங்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கினா முதல் சந்தேகம் கட்டி மேலதான் வரணுமாம். ஸ்கேன் பார்க்காம அனுப்பவே கூடாதாம்.

"இதையே எழுதிக் கொடுங்க சார்"ன்னேன். கப்பைக் கீழ வெச்சார். எந்திரிச்சு ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் சொன்னார்: "ஏம்மா, என் பேத்திக்கு அடுத்த மாசம் பிரசவம் அந்த ஆஸ்பத்திரியிலதான்."

எனக்கும் கெண்டைக்கால் வலி

அவர் நடத்தின பாடத்துல எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் காலையில இடது கெண்டைக்கால்ல சுரீர்னு வலி. ஆபீசுல உட்கார்ந்து டேப் எடுத்து ரெண்டு காலையும் அளந்து பார்த்தேன். ஸ்கேனுக்குப் போறேன், பின்னால உயிலைப் பத்திப் பேசிக்கலாம்னு பையை எடுத்தேன். பாய் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நேத்து லிஃப்ட் ரிப்பேர்ல மூணு மாடி ஹீல்ஸோட ஏறுனீங்கங்க மேடம்."

பதில் மனு

டாக்டர் சாட்சி கிடைக்காம, மருத்துவப் புத்தகப் பக்கங்களையே வெச்சு மனு போட்டேன். ஆஸ்பத்திரி தரப்புல பதில் வந்துச்சு. மருத்துவ ஆலோசனை எதுவும் இல்லாம கணவர் காலை முரட்டுத்தனமா நீவினதுதான் சாவுக்குக் காரணம்னு பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க. ரங்கசாமியைக் கூப்பிட்டு, "இத்தனை பக்கம் எழுதற அளவுக்கா நீவுனீங்க?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "ஆமாங்க"ன்னார். எனக்கு வந்த கோபத்துல மேற்கொண்டு ஒண்ணும் கேட்கலை. யார் சொல்லி நீவுனீங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கணும். கேட்கலையே! இத்தனை வருசம் கறுப்புக் கோட்டு மாட்டி என்ன பிரயோஜனம்?

எங்க கோர்ட்டுல எழுத்து வாக்குமூலமே போதும். ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க குறுக்கு விசாரணை வேணும்னு பிடிவாதம் பிடிச்சு அனுமதி வாங்கிட்டாங்க. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மேல ஒரு வார்த்தை பேசப்படாது"ன்னு ரங்கசாமிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவருக்கு மனசு வருத்தம். "நான் பேசறதே கம்மிதானுங்களே அம்மணி."

குறுக்கு விசாரணை

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்கதான் நீவுனீங்க?" "ஆமாங்க." "அழுத்தி?" "ஆமாங்க. என்ற கை அப்படித்தானுங்க." போச்சு, கேஸ் கவுந்துருச்சுன்னு ஃபைலை மூடவே ஆரம்பிச்சுட்டேன். மூணு நாளும் காலையில சாயங்காலம் நீவுனதையும் அவர் ஒளிக்காம ஒத்துக்கிட்டார்.

வக்கீல் அதோட உட்கார்ந்திருக்கலாம். கடைசியா ஒரு ஆணி அடிக்கலாம்னு ஆசைப்பட்டார். "ஆக, டாக்டர் பேச்சை நீங்க கேட்கலை. அப்படித்தானே?" ரங்கசாமி ரெண்டு கையையும் கூப்பினார். "ஆமாங்க. டாக்டர் மருந்தை மெல்லத் தேய்க்கத்தான் சொன்னாருங்க. எனக்குத்தான் மெல்லத் தேய்க்கத் தெரியலீங்க."

ஆணையத் தலைவர் பேனாவைக் கீழ வெச்சார். டாக்டர் தேய்க்கச் சொன்னாரான்னு திருப்பிக் கேட்டார். எழுதியே கொடுத்தாருங்கன்னு பதில் வந்துச்சு. அடுத்த வாய்தாவுக்கு அந்தச் சீட்டு வந்துச்சு. வலிக்கு ஒரு ஆயின்ட்மென்ட், தினம் ரெண்டு வேளை மசாஜ், டாக்டர் கையெழுத்து. எல்லா மருந்தையும் சீட்டையும் கொண்டாங்கன்னு நான் சொன்னப்ப, இதை மட்டும் வீட்டுல பெட்டியிலயே வெச்சுட்டு வந்திருக்கார். படியில இறங்கறப்ப, "ஏனுங்க, இதை எதுக்குங்க மறைச்சீங்க?"ன்னு கத்தியே விட்டேன். அவர் மெதுவா, "டாக்டர் சரியாத்தானுங்க எழுதிக் குடுத்தாரு. நான் சரியாச் செய்யாம அவரு பேரை எதுக்குங்க கெடுக்கோணும்?"னார்.

பதினொண்ணாம் பக்கம்

தீர்ப்பு இங்கிலீஷ்ல வந்துச்சு. நானே படிச்சுச் சொல்லியிருக்கலாம். வேணும்னே கவிதாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்குப் படிச்சுக் காட்ட ஆள் இல்லை, வாங்கன்னேன். ஐடி கம்பெனி அட்டையைக் கழுத்துல மாட்டினபடியே வந்தா. அப்பா இருந்த பெஞ்சுல ஒரு ஆள் உட்கார்ற அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தா. அப்பா பக்கம் திரும்பாம, எனக்குப் படிக்கற மாதிரி இங்கிலீஷ்லயே படிச்சுட்டு வந்தா.

பதினொண்ணாம் பக்கத்துல நிறுத்தினா. திரும்பி அப்பாவைப் பார்த்தா. அப்புறம் தமிழ்ல, ஒவ்வொரு வார்த்தையா, அவருக்கே சொன்னா. வீக்கம் தெரிஞ்ச அன்னைக்கே ஸ்கேன் எடுக்காதது ஆஸ்பத்திரியோட தப்பு. அந்தக் கால்ல யாரையும் கை வைக்கவே சொல்லியிருக்கக் கூடாது. மெல்லத் தேய்ச்சாரா, அழுத்தித் தேய்ச்சாராங்கற கேள்விக்கே இடமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் செஞ்ச கணவர் மேல எந்தத் தப்பும் இல்லை. சொல்லி முடிக்கறதுக்குள்ள அவளுக்குக் குரல் உடைஞ்சு போச்சு. பாய் எந்திரிச்சு வெளியே போயிட்டார். எனக்கும் கண்ணு நிறைஞ்சுருச்சு, ஒளிக்க என்ன இருக்குது?

ரங்கசாமி ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்து மூணு வருசத்துல முதல் தடவையா ஒண்ணு கேட்டார்: "அப்படியா கண்ணு எழுதியிருக்குது? இன்னொருக்கா படி."

ஆஸ்பத்திரியில ஒரு நிமிசத்துல கேட்டு முடிக்க வேண்டிய கேள்வியை, கோர்ட்டுல மூணு வருசம் நின்னு கேட்கறதுக்குப் பேருதானுங்க எங்க தொழில்.