மேடம் ரிக்டர்

எங்கள் வீட்டு டீ டம்ளர்களில் ஒன்றில் எப்போதும் புழு இருக்கும். சிவப்பு நூலைச் சுருட்டிப் போட்ட மாதிரி நெளிந்துகொண்டு, குழாயடியில் சொட்டும் தண்ணீருக்குக் கீழே அந்த டம்ளர் உட்கார்ந்திருக்கும். பங்காருபேட்டையில் சாக்கடையை அலசி அதை விற்கிற ஆள் ஒருவன் இருந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்தால் தோசை மாவுக்குப் பக்கத்தில் மாட்டு நெஞ்சுக்கறியை அரைத்துக் கட்டிய பொட்டலம். நாங்கள் மாட்டுக்கறி தின்று வளர்ந்தவர்கள்தான், கறிக்கு நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சைக் கூழின் வாடை மாவில் ஏறி, தோசையைப் பிய்க்கும்போது மூக்கில் அடித்தால் யாருக்குத்தான் குமட்டாது?

இதெல்லாம் என் அக்கா புருஷன் செல்வமணி மாமா வளர்த்த மீன்களுக்கு. முன்னறையில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். அவர் குடியாத்தத்துக்காரர், டிப்ளமோ படித்துவிட்டு இங்கே ஃபேக்டரியில் கியர் செக்‌ஷனுக்கு வந்தவர். கோலார் தங்க வயலில் குடியிருந்தாலும் சுரங்கத்துக்குள் ஒரு நாள்கூட இறங்காதவர். அக்கா அம்சவேணி சுரங்கத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பா சம்பங்கி சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் கட்டும் வேலை பார்த்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. அம்மாவும் போன பிறகு அக்கா என்னை ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு, தன்னோடு, அழைத்துக்கொண்டாள்.

புழுவைப் பற்றி நான் கத்தினால் அக்கா சிரிப்பாள். "குடிக்கறாரா, சீட்டாடறாரா? மீன்தானே பல்லவி. வுடு" என்பாள். அவள் சுபாவம் அது. யார் என்ன வைத்தாலும் அதற்கு வீட்டில் இடம் பண்ணிக் கொடுத்துவிடுவாள்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் நாலு, மின்விசிறி ஒன்று. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வந்து உட்காருவார். மீன் வளர்க்கிறவர்களுக்கென்று இமெயிலில் ஒரு குரூப் இருந்தது. பெரும்பாலும் பெங்களூர்க்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். தொடக்கத்தில் மாமா மீனைப் பற்றித்தான் கேட்டார். செதில் ஏன் உதிர்கிறது, தண்ணீரில் ஏன் பாசி பிடிக்கிறது என்றெல்லாம். யாரும் சட்டை செய்யவில்லை. அவருடைய இங்கிலீஷும் கியர் செக்‌ஷன் இங்கிலீஷ்.

ஆனால் அந்தக் குரூப்பில் மீனைத் தவிர மற்றதையும் எழுதுவார்கள். மாமியார் கரண்ட்டை அணைத்து மீன் செத்த கதை, குழந்தை தொட்டியில் சர்க்கரை கொட்டிய கதை. அதற்கு 'ஆஃப் டாபிக்' என்று பேர். மாமாவும் ஒரு நாள் வீட்டுக் கதை எழுதினார். பதில்கள் குவிந்தன. அதற்குப் பிறகு மனிதருக்கு மீன் மறந்துபோனது.

அவர் எழுதிய கதை இதுதான். இங்கே பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். லைன் வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டதும் பொம்பளைகள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆள் மேலே வரும் வரை திரும்பப் பற்ற வைப்பதில்லை, வைத்தால் உள்ளே போனவன் திரும்ப மாட்டான் என்று பயம். 'கேஜ் ஏறாம அடுப்பு ஏறாது' என்று எங்கள் அம்மா மங்கம்மா சொல்லுவாள். கேஜ் என்பது சுரங்கத்திலிருந்து ஆட்களை மேலே ஏற்றும் கூண்டு. அக்கா குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எந்த நேரம் குலுங்கினாலும் காஸை மூடிவிட்டு கேட்டுக்குப் போய் நிற்பாள். மாமா ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்து இறங்கிய பிறகுதான் அடுப்பு எரியும்.

இதைத்தான் மாமா குரூப்பில் எழுதினார். நான் தரையில் வேலை செய்கிறேன், எனக்கு இருக்கும் ஒரே ஆபத்து கேன்டீன் சாம்பார், ஆனால் என் மனைவி நான் பாதாளத்தில் புதைந்துவிட்டதாக நினைத்து அடுப்பை அணைத்துவிடுகிறாள், அவளோடு சேர்ந்து நானும் மீன்களும் பட்டினி என்று. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதை வர்ணித்திருந்தார். ஹரிஷ் என்று ஒருவன், அந்தக் குரூப்பை நடத்துகிறவன், பூகம்பத்தை அளக்கிற ரிக்டர் அளவை நினைத்து அக்காவுக்கு 'மேடம் ரிக்டர்' என்று பேர் வைத்தான். அதற்கப்புறம் வாரம் தவறாமல் மேடம் ரிக்டர் கதை. பூமி குலுங்காத வாரங்களில் மாமாவே கதையில் அதைக் குலுக்கிவிட்டார்.

அவர் மூடாமல் போன பக்கத்தில் இதையெல்லாம் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புழு ஊறியது. வீட்டுக்குப் போன கையோடு கேட்டேன்.

"இன்னா மாமா இது? அக்காவ வெச்சு ஊர் சிரிக்க உடறீங்க."

"யார் சிரிக்கறாங்க? மூஞ்சி தெரியாதவங்க. இவ யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா, அவங்க யாருன்னு இவளுக்குத் தெரியுமா? சும்மா ஜாலிக்கு."

சமையலறையில் இருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, உன்னப் பத்தி கம்ப்யூட்டர்ல எழுதறாரு."

அக்கா கையில் வெங்காயத்தோடு திரும்பினாள். அவள் முகத்தில் வெட்கம் வந்தது, சந்தோஷ வெட்கம். "என்னப் பத்தியா? நல்லதாதானே எழுதுவாரு" என்றாள். கிண்டல் பண்ணி எழுதுகிறார் என்றேன். "புருஷன் கிண்டல் பண்ணாம வேற யாரு பண்ணுவா, போடி" என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரூப் ஆட்கள் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மாமாவின் மீன்களைப் பார்க்கவாம். ஹரிஷ், அவன் மனைவி மேகனா, இன்னும் நாலைந்து பேர், இரண்டு காரில். அக்கா விடியலிலிருந்து சமைத்தாள். கோழிக் குழம்பு, முட்டை, பாயசம். நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்றாள். அவர்கள் அவளைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார்கள். மேகனா குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். அக்கா அது மரியாதைச் சிரிப்பு என்று நினைத்து அவளுக்கும் சிரித்தாள்.

தொட்டிகளை அவர்கள் நின்று பார்த்தது ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. ஒருவன் மாமாவிடம், இன்றைக்கு ஷோ உண்டா என்று இங்கிலீஷில் கேட்டான். மாமா சிரித்தார். எங்கள் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அக்காவின் பாத்திர ஸ்டாண்ட் ஆணியில் தொங்கும். மாமா தன் கதைகளில் அதையும் எழுதியிருக்க வேண்டும். ஹரிஷ் எழுந்து போய் சுவரில் தோளைக் கொடுத்து ஓங்கி இடித்தான். பிறகு இன்னொருவனும் சேர்ந்து இடித்தான்.

உள்ளே டம்ளர்கள் கிணுகிணுத்தன.

அக்கா காஸை மூடினாள். கரண்டியைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு, புடவையைச் செருகிக்கொண்டு, மாமா இருப்பதைக்கூடப் பார்க்காமல் எங்களைக் கடந்து வாசலுக்கு ஓடினாள். அவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்தான். மேகனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். செல்வமணி மாமாவும் சிரித்தார். அதை நான் மறக்கப் போவதில்லை. தாலி கட்டினவர் பல்லைக் காட்டிக்கொண்டு, நான் சொன்னது பொய்யா பார் என்கிற மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

கேட்டில் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தாள். தெருவில் வேறு யாரும் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டு இசபெல்லா டீச்சர் துணி உலர்த்திக்கொண்டே, "இன்னா அம்சா?" என்று கேட்டாள். பூமி குலுங்கவில்லை என்று அக்காவுக்கு அப்போது புரிந்தது. ஜன்னலில் சிரிக்கிற முகங்களும் புரிந்தன. நான் அவ்வளவு நாள் சொன்னதும் புரிந்திருக்கும்.

மெதுவாக உள்ளே வந்தாள். ஹரிஷ், "சும்னே தமாஷெகெ, மேடம்" என்றான். சும்மா தமாஷுக்காம். அக்கா போய் சமையலறை வாசலில் கீழே உட்கார்ந்தாள். குழம்பு பாதியில் நின்றிருந்தது. சோறு வேகவில்லை. கொஞ்ச நேரம் சிரிப்பு ஓடியது, அப்புறம் பசி வந்தது.

"அம்சா, அடுப்பு பத்த வெய்யி. எல்லாரும் காத்துனு இருக்காங்க இல்ல" என்றார் மாமா.

"வூட்டு ஆம்பளை வரட்டும்."

"நான் இங்கதானே இருக்கேன்?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் வர்ல" என்றாள்.

வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் ஷூவைத் தேடினார்கள். தெரியாதவர்களுக்கும் அவள் முகம் போதுமானதாக இருந்தது. கார்கள் போன பிறகு மாமா பட்டாணி மென்றுகொண்டு தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் இசபெல்லா டீச்சர் வீட்டில் சாப்பிட்டேன். அக்கா சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் சமைத்தாள், துவைத்தாள், புழு டம்ளருக்குத் தண்ணீர்கூட மாற்றினாள். மாமாவோடு மட்டும் பேசவில்லை. அவர் என்னைத் தூது விட்டார். நேரே போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேளுங்கள் மாமா, அவ்வளவுதான் என்றேன். வாயில் வருவது அவ்வளவு சுலபமா என்று பெருமூச்சு விட்டார். வாரம் தவறாமல் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த மனிதர்.

அவள் மனம் இரங்குமா, இந்த வீடு இப்படியே கிடக்குமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் மாமா முகமெல்லாம் மலர வந்தார். கையில் பிரின்ட் எடுத்த தாள்கள். என் கடைக்கு வராமல் ஆண்டர்சன்பேட்டையில் வேறு கடையில் எடுத்திருக்கிறார்.

"மன்னிப்பு கேட்டுட்டேன்" என்றார். "குரூப்புல, எல்லார் முன்னாடியும். பாரு, எத்தன பேர் பாராட்டி இருக்காங்க. ஹரிஷே போன் பண்ணி அழுதுட்டான். பல்லவி, அக்காவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டு."

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் சமையலறையிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். எவ்வளவு வெறுப்பு இருந்தாலும், கணவன் மன்னிப்பு என்கிறானே என்று அவள் கண்ணில் ஒரு ஆசை இருந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் படித்தேன்.

முதலில் அவளைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தார். பொறுமைசாலி, அன்பானவள், நான் அவளுக்குத் தகுதியில்லாதவன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. மேலே போனேன். "என் மனைவி ஏன் அடுப்பை அணைக்கிறாள் என்பதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இதை அவள் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்று நண்பர்களான உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஏர் பிளாஸ்ட் நடந்து அவளுடைய அப்பா உள்ளே மாட்டிக்கொண்ட நாளில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா சுரங்கக் குழியின் ஷாஃப்ட் வாசலில் நின்றிருந்தாள். வீட்டில் அணைத்த அடுப்பை இவள் பற்ற வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். ஏனென்றால் அவளுடைய நாலு வயதுத் தங்கை பசி தாங்காமல்..."

என் வாய் நின்றுவிட்டது.

"படி, படி" என்றார் மாமா. "அந்த எடத்துலதான் எல்லாருமே அழுதிருக்காங்க."

தாளைக் கீழே வைத்தேன். அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கை மேசையைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"உன்னால ஒண்ணும் இல்லடி" என்றாள். "கொழந்த பசிச்சா அழும். அடுப்புக்கும் அப்பா போனதுக்கும் சம்பந்தமே இல்லன்னு எனக்குத் தெரியும். உனக்கு மட்டும் இது தெரியவே கூடாதுன்னுதான் அம்மாகிட்டகூட நான் சொல்லல."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாராட்டுத் தாள்கள் இன்னும் அவர் கையில் இருந்தன. அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல இவருகிட்ட சொன்னேன். ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்னு நெனச்சேன்."