கட்டிலுக்கு அடியில் இருந்த தணல்

என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பக்கத்தில் என் மகள், பிறந்து ஒரு மாதம்கூட நிறையாதவள், வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாள். அவளைத் தொட வேண்டும் என்று நினைக்கிறேன். கை நகரவில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னறையில், பட்டப்பகலில் நான் பயந்த பயத்தை நம் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வரும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன தீபாவளி முடிந்த சமயம் அது. பல வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. எனக்கு அம்மா இல்லை. பத்தியம் பார்க்க ஜெஞ்சாரோமிலிருந்து என் பெரியக்கா வந்து தங்கினாள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கஷாயம் என்று என்னை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டாள். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, கரித் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டிவிட்டு, சட்டியை உடனே வெளியே கொண்டுபோய்விடுவாள். எல்லாம் நம் வீடுகளில் நடப்பதுதான்.

வம்பு வந்தது ஏர்கோனில், அறையைக் குளிரவைக்கும் அந்தப் பெட்டியில். என் வீட்டுக்காரருக்கு வெக்கையே ஆகாது.

"இந்த வெயில்ல பிள்ள வெந்துடும்க்கா. ஏர்கோன் ஓடட்டும் லா" என்பார்.

"பச்ச உடம்புல குளிர் ஏறுனா ஜன்னி வந்துடும். அப்புறம் நீங்களா பார்ப்பீங்க?" என்பாள் அக்கா.

இரண்டு பேரும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஏர்கோன் ஓடும், ஆனால் சாம்பிராணிச் சட்டி தணலோடு கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். மேலே குளிர், கீழே சூடு. குளிர் வெளியே போகக்கூடாது என்று அவர் ஜன்னலை இறுக்கி மூடினார். வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது என்று அக்கா கதவிடுக்கில் துண்டைச் சொருகினாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம். அவர் பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டார். நானும் சிரித்துக்கொண்டே படுத்தேன்.

இந்த ஏற்பாட்டுக்கு அன்றுதான் முதல் நாள். மதியத்துக்குள் தலை பிளந்துவிடும்போல் வலித்தது. குமட்டியது. பத்தியத்துக் களைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பக் கண் திறந்தபோதுதான் நினைவு வந்தது, பிள்ளை பசித்து அழுகிற நேரம் தாண்டிவிட்டது. அவள் அழவே இல்லை.

எழுந்தேன். கால் துவண்டு கட்டிலிலேயே விழுந்தேன். அக்காவைக் கூப்பிட்டேன், குரல் தொண்டையைத் தாண்டவில்லை. கதவு சாத்தியிருந்தது. அவள் பின்னால் சமையலறையில் இருந்தாள். எனக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. என்னோடு சேர்ந்து என் பிள்ளையும்.

அப்போது அம்மனோடு சண்டைக்குப் போனேன். ஆமாம், சண்டைதான். "தாயே, மாரியம்மா, இத்தன வருஷம் காக்க வெச்சுக் குடுத்தது திருப்பிப் பறிக்கத்தானா? என்ன விடு. எம் புள்ளயத் தூக்க ஒரு ஆள அனுப்பு." வாய் அசையவில்லை. நெஞ்சுக்குள் கத்தினேன். அதற்குப் பிறகு "அம்மா" என்ற ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

இடி விழுந்தது. வீடே அதிர்ந்தது. ஏர்கோன் பட்டென்று நின்றது.

இடி இடித்தால் நம் வீடுகளில் கரண்டு ட்ரிப் ஆகி நின்றுபோவது உங்களுக்குத் தெரியாததா? எத்தனை நாள் அதைத் திட்டியிருக்கிறேன்! அன்று அக்காவின் ரைஸ் குக்கரும் சேர்ந்து அணைந்தது. சுவிட்ச் பெட்டியைத் தொட அவளுக்குப் பயம். என்னிடம் கேட்க வந்தாள்.

"ஏ ஜெயா, சோறு பாதி வேக்காட்டுல நின்னுபோச்சுடி. அந்த சுவிட்ச எப்படித் தூக்குறது?" என்று கேட்டபடி கதவைத் தள்ளினாள். கண் எங்கள் மேல் விழுந்தது. அப்புறம், "ஐயோ! ஏன்டி இப்படிக் கெடக்குற? பாப்பா! பாப்பா!"

பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திரும்ப வந்து என்னை அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டுத் தரையில் கிடந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. என் மகளின் கழுத்து அக்காவின் கையில் தொங்கியது.

"அழுடி தங்கம், அழு, அழு" என்று அக்கா உள்ளங்காலைத் தேய்த்தாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஒரு சின்ன முனகல் வந்தது. பிறகு அழுதாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா குடையைக்கூடப் பிடிக்காமல் ஓடி வந்து, எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். "வீட்டுக்குள்ள கரி ஏதும் எரிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருமாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஏர்கோன் புதுக்காற்றைக் கொண்டுவராது, அறையில் இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா..." என்று தொடங்கியவர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எங்கையாலயே கொன்னுருப்பேனே" என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஜன்னல அடச்சது நான்தானேக்கா" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

மகள் பிழைத்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒவ்வொரு முறையும் என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது வீடெல்லாம் தவழ்கிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள்.

எங்கள் வீட்டில் இனி நெருப்புக்கு அறைக்குள் இடமில்லை. கரியோ ஜெனரேட்டரோ, எதுவானாலும் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து தள்ளித்தான். இந்த வாயு வந்தால் கத்துகிற கருவி ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பெரியக்கா இப்போது பத்தியம் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் முதலில் ஜன்னலைத்தான் திறக்கிறாளாம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தலை வலித்து மயக்கம் வந்தால், ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி.

மாரியம்மாவையும் கூப்பிடுங்கள். குரல் வராவிட்டாலும் அவளுக்குக் கேட்கும். அன்று என்னுடையது கேட்டது.

இப்போதும் இடி இடித்தால் கரண்டு போகிறது. பிள்ளை வீரிட்டு அழுகிறாள். நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறேன். "சாரல் அடிக்குது லா, மெத்தையெல்லாம் நனையுது!" என்று அவர் கத்துவார். நனையட்டும். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் அழுகையைக் கேட்டபடி அந்த ஜன்னலோரம் நிற்கிறேன்.