ஒரே இடத்தில் மாட்டிக்கொண்ட கிடார்

"சார், உங்களுக்கு பெடல் ஒண்ணு வந்திருக்கு. பெட்டியில ஒண்ணுதான்னு போட்டிருக்கு. இன்னொண்ணு தனியா வருமா?"

போனில் கேட்டவர் கூரியர்காரர். சைக்கிள் பெடல் என்று நினைத்துவிட்டார். இது கிடாருக்கு என்றேன். பிறகு, "கிடாரை மிதிப்பாங்களா சார்?" என்றார்.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த சில மாதங்களில் நான் செய்ததை வைத்துப் பார்த்தால், அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். கல்லூரி ஹாஸ்டலில் பிடித்த கிடாரை நாற்பது தாண்டியும் விடவில்லை. மேடையேறியது கிடையாது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒருமுறை கேட்டார்கள், தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். கிடாருக்குத் தொண்டை எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்காதது என் அதிர்ஷ்டம். ஆனால் மனதுக்குள் நான் நல்ல வாசிப்பாளன் என்ற எண்ணம் அசையாமல் இருந்தது. நான் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததால் அதை மறுக்க ஆள் இல்லை.

மறுத்திருக்கக்கூடியவள் என் மனைவி. அவள் பல் டாக்டர். வீட்டின் கீழே அவளுடைய கிளினிக், மாடியில் நாங்கள். நான் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து வாசிக்க உட்காரும் நேரம்தான் அவளுக்குக் கூட்டம் வரும் நேரம். கீழே பல்லைத் துளைக்கும் மெஷின் ஓடும், மேலே கிடார். அவள் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெடல் விஷயம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. ஒருவர் தனியாக உட்கார்ந்து கிடாரில் நாலு தட்டு தட்டுகிறார். காலால் ஒரு பெட்டியை மிதிக்கிறார். அந்த நாலு தட்டும் தானாகவே திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதன் மேல் இன்னொன்றை வாசித்து மிதிக்கிறார், அதுவும் சேர்ந்துகொள்கிறது. கடைசியில் ஒரு கச்சேரிக் கூட்டமே வாசிப்பதுபோல் இருக்கிறது. போதாததற்கு எதிரொலி வேறு. ஒரு ஸ்வரத்தை மீட்டினால் கிணற்றுக்குள் கத்தியதுபோல் அது தேய்ந்து தேய்ந்து திரும்பி வருகிறது. எனக்கு இத்தனை நாள் குறையாக இருந்தது கூட வாசிக்க ஆள் இல்லாததுதான் என்று அந்த நிமிடமே முடிவுசெய்தேன்.

பெடல் வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் இணைத்து உட்கார்ந்தேன். மிதித்தால் பதிவு தொடங்கும். நாலு தட்டு முடிந்து ஐந்தாவது விழ வேண்டிய இடத்தில் மறுபடி மிதித்தால் வாசித்தது ஒரு வளையமாக மூடி, திரும்பத் திரும்ப ஓடத் தொடங்கும். சட்டென்று இரண்டு முறை மிதித்தால் நின்றுவிடும். அவ்வளவுதான். வாசித்தேன், மிதித்தேன்.

வந்தது ஒரு நொண்டித் தாளம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஒரு சின்ன இழுப்பு, மறுபடி ஒன்று. முழங்காலில் அடிபட்டவர் படியேறுவதுபோல் இருந்தது. திரும்பப் பதிந்தேன். இந்தமுறை இழுப்புக்குப் பதிலாக ஒரு தடுக்கல். மறுபடி, மறுபடி. எப்படி வாசித்தாலும் ஒரு கால் குட்டையாகவே இருந்தது.

பெடலில் கோளாறு என்று விற்றவர்களுக்கு எழுதினேன். ஒரு கணக்கு வாத்தியார் நாலு வரை எண்ணுவதில் தவறு வர வாய்ப்பில்லை என்றும் அதில் குறிப்பிட்டேன். "சரியான நேரத்தில் மிதிக்கவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பெடலில் கோளாறு இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது. அத்தனை வருடம் நானே வாசித்து நானே கேட்டபோது, நான் தாமதமானால் என் காதும் சேர்ந்து தாமதமாகியிருக்கிறது. நானும் நானும் ஒத்துப்போயிருக்கிறோம். பெடல் யாருக்காகவும் காத்திருக்காது. நான் வாசித்ததை அப்படியே என் முகத்தில் வீசியது. அதுவும் ஒருமுறையோடு விடாமல்.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. என் கிடாரின் வயிற்றுக்குள் ஒரு சின்ன மைக் உண்டு. கம்பியின் சத்தத்தோடு அக்கம்பக்கத்துப் பேச்சையும் அது வாங்கிக்கொள்ளும். ஒருநாள் பதிவு ஓடும்போது மனைவி மாடிப்படியிலிருந்து, "டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்துங்க" என்றாள். வளையம் மூடியது. அதன் பிறகு நாலு தட்டுக்கு ஒருமுறை டேங்க் வழிந்தது. எதிரொலியோடு, நிறுத்துங்க, றுத்துங்க, துங்க என்று. நான் மயங்கிப்போய் அதன் மேல் ஒரு மெட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். நிஜமான மோட்டாரை நிறுத்தவில்லை. தண்ணீர் கிளினிக் வாசல் வரை வந்து, காத்திருந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று கீழே நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் கூத்தாநல்லூர் பாய் ஒருவர். சிங்கப்பூரில் ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சொந்த ஊரில் ரெஸ்டாரண்ட் திறக்கும் வேலையில் இருந்தார். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து பஞ்சை எடுத்ததும் முதல் வேலையாக, "டாக்டரம்மா, மேல கிடார் ஒரே இடத்துல மாட்டிக்கிச்சு போல. யாராவது போய் எடுத்துவிடக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்தமுறை அவர் வந்தபோது, அன்று வாசிக்க வேண்டாம் என்று மனைவி என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். நான் முறுக்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவளே மேலே வந்தாள்.

"கொஞ்சம் வாசிங்க."

"ஏன்?"

"பாய் கேக்குறார்."

இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று கிடாரை எடுத்தேன். அவர் போன பிறகு கீழே இறங்கி, என்ன சொன்னார் என்று பட்டும் படாமல் விசாரித்தேன்.

"அந்தத் தாளம் எப்ப சரியா வந்து விழும், எப்ப விழும்னே கவனம் போயிடுதாம். வலி தெரியலைன்னார்" என்றாள்.

கடைசி சிட்டிங் முடிந்த அன்று அவர் மாடிக்கே வந்தார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெடலைக் குனிந்து பார்த்தார்.

"சார், அடுத்த மாசம் கடை திறக்கிறோம். நான் வேலை பார்த்த ஹோட்டல்ல சாயங்காலம் ஒருத்தர் மூலையில உக்காந்து மெதுவா கிடார் வாசிப்பார். நம்ம கடையிலயும் அந்த மாதிரி வேணும்னு ரொம்ப நாளா ஆசை. வந்து வாசிக்கிறீங்களா?"

"என் தாளம் உங்களுக்குத் தெரியுமே."

"சாப்பிடுற எடத்துல யாரு சார் தாளம் பாக்கப்போறா" என்றார். இது பாராட்டு இல்லை என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தேன்.

திறப்பு நாளன்று கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு மனைவிதான் காரை ஓட்டினாள். எனக்குக் கார் ஓட்ட வராது. கிளச்சை விடுவதிலும் இதே நொண்டிதான். குறுவை அறுவடை நேரம். மன்னார்குடி சாலையில் பாதியை நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுப்பு மெஷின் ஒன்று முன்னால் அசைந்து போய்க்கொண்டிருந்தது. நான் மடியில் பெடலை வைத்துக்கொண்டு நாலு நாலாக எண்ணிக்கொண்டே வந்தேன். "வாயை அசைக்காம எண்ணுங்க, எனக்கு வழி தவறுது" என்றாள்.

கடை நிறைந்திருந்தது. பிள்ளைகுட்டியோடு குடும்பங்கள், தோளில் துண்டோடு வயலிலிருந்து நேரே வந்தவர்கள், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பாயின் சொந்தக்காரர்கள். எனக்கு இடம் ஒதுக்கியிருந்த மூலை, பரிமாறுபவர்கள் உள்ளே ஆர்டர் சொல்லும் ஜன்னலுக்குப் பக்கத்தில். என் ஸ்பீக்கரை அந்த ஜன்னலின் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மனைவி எதிரே ஒரு மேசையில் இருந்தாள்.

மிதித்தேன். நாலு தட்டு. நாலாவது தட்டில், பரிமாறுபவர் என் தலைக்கு மேலே குனிந்து ஜன்னலுக்குள், "ரெண்டு முட்டைப் பரோட்டா" என்றார். நான் மிதித்தேன். வளையம் மூடியது.

ஸ்பீக்கர் தெளிவாகச் சொன்னது: ரெண்டு முட்டைப் பரோட்டா. பிறகு தேய்ந்த குரலில், பரோட்டா, ரோட்டா, ட்டா. ஒரு இழுப்பு. மறுபடியும், ரெண்டு முட்டைப் பரோட்டா.

நிறுத்த வேண்டும் என்றால் சட்டென்று இரண்டு முறை மிதிக்க வேண்டும். பதற்றத்தில் ஒருமுறை மிதித்தேன். ஒருமுறை மிதித்தால் மேலே இன்னொன்றைப் பதியும். "அடடா, இது எங்கே நிக்கும்" என்று நான் முணுமுணுத்தது அதில் ஏறியது. இப்போது பரோட்டாவுக்குப் பின்னால் நானும் சேர்ந்துகொண்டேன். மறுபடி மிதித்தேன், இந்தமுறை ரொம்ப நிதானமாக, இரண்டு தனித்தனி மிதிகளாக. பரிமாறுபவரின் சிரிப்பும் ஒரு தட்டு கீழே விழுந்த சத்தமும் உள்ளே போயின.

சமையலறைக்குள் புகைபோக்கி இரைச்சலில் பரோட்டா மாஸ்டருக்குக் கேட்டது ஆர்டர் மட்டும்தான். முதல் நாள், கூட்டம் அள்ளுகிறது என்று நினைத்திருக்கிறார். மாவை வீசிக்கொண்டே இருந்தார். ஜன்னலில் தட்டுகள் வந்து வரிசைகட்டின. கடைசியில் அவரே வியர்வையோடு தலையை வெளியே நீட்டினார்.

"ஒரே ஆர்டரை எத்தனை தடவைப்பா சொல்லுவே? காது கேக்குது எனக்கு."

முன் மேசையில் சிரிப்பு கிளம்பி, கடை முழுக்கப் பரவியது. நான் குனிந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சிவப்பு விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்தது. அப்போது அந்தப் பெட்டியின் மேல் ஒரு பாதம் வந்து இறங்கியது. டக், டக். சத்தம் நின்றது.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"வாசிங்க. கால் வேலையை என்கிட்ட விடுங்க."

"உனக்கு இது தெரியாதே."

"நாள் பூரா பெடல் மிதிச்சுத்தான் மெஷின் ஓட்டறேன். வாசிங்க."

வேறு வழியில்லாமல் வாசித்தேன். அவள் பெடலைப் பார்க்கவில்லை, என் விரலையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நாலு தட்டு முடிந்தது. வளையம் மூடி ஓடத் தொடங்கியது. இழுப்பு இல்லை, தடுக்கல் இல்லை. என் வாசிப்புத்தானா என்று சந்தேகமாக இருந்தது. அதன் மேல் ஒரு மெட்டு வாசித்தேன், அதையும் சேர்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கி, கடைக்குள் சாப்பிடும் சத்தமும் பேச்சும் திரும்பின. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. பாய் ஆசைப்பட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பாய் வரிசைகட்டி நின்ற பரோட்டாக்களை மேசை மேசையாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். "சார் உங்களுக்காக ஆர்டர் பண்ணது" என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லிவிட்டு வந்தார். கிளம்பும்போது எங்களுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்க சார்" என்றவர், மனைவி பக்கம் திரும்பி, "டாக்டரம்மா கண்டிப்பா வரணும்" என்றார்.

திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். "எப்படி அவ்வளவு சரியா மிதிச்சே? எண்ணினியா?"

"எண்ணினா உங்களோட சேர்ந்து நானும் தப்பா மிதிச்சிருப்பேன்" என்றாள். "நாலாவது தட்டு முடியறப்ப நீங்க மூச்சை இழுத்துப் பிடிக்கிறீங்க. மிதிக்கணுமேங்கிற பயம். அதுல கை இன்னும் தடுமாறுது. மிதிக்கிற வேலை உங்களுக்கு இல்லைன்னதும் அந்தப் பயம் போயிடுச்சு, கை ஒழுங்கா வந்துச்சு. நான் உங்க முகத்தைப் பாத்து மிதிச்சேன். பேஷண்ட் பயப்படறதும் எனக்கு அப்படித்தான் தெரியும். அவங்க கை நகர்றதுக்கு முன்னாடியே மெஷின் பெடல்லேருந்து காலை எடுத்துடுவேன்."

"இத்தனை வருஷம் ஏன் எதுவும் சொல்லலை?"

"எதைப் பத்தி?"

"என் தாளம் சரியில்லைன்னு."

எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டாள். "நீங்க கேக்கலையே" என்றாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறோம். பேனரில் போடும்போது பாய் அவள் பெயரை முதலில் போட்டார், அடைப்புக்குறிக்குள் பல் மருத்துவர் என்று பட்டத்தோடு. என்னைப் பற்றிக் கீழே "உடன் கிடார்" என்று இருந்தது. என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா அதைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். நான் போர்டில் கணக்குப் போடும்போது பின்வரிசையில் யாரோ மெதுவாக நாலு தட்டு தட்டுகிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் தாளம் சரியாகவே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் இருவருமாகப் பழகிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அவளுக்கே திருப்தியான ஒரு வளையம் அமைந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சேமித்து வைக்கலாம் என்று நான் குனிந்தபோது கரண்ட் போனது. எல்லாம் போயிற்று, மழைச் சத்தம் மட்டும் இருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் செத்துப்போன பெடலின் மேலிருந்து காலை எடுக்கவேயில்லை.

"கரண்ட் வர்ற வரைக்கும் சும்மா வாசிங்க" என்றாள். "நான் வெறுமனே மிதிச்சுக்கிட்டு இருக்கேன்."