இரண்டு பிறந்தநாள் உள்ள கோல்காப்பாளர்

எங்கள் தொடர்மாடியின் ஏழாம் தளத்துப் பல்கனியில் நின்றால் மைதானத்தின் பாதி தெரியும். மற்றப் பாதியைப் பாடசாலைக் கட்டடம் மறைத்துவிடும். நோர்வேயில் இந்த ஸ்டோவ்னருக்குக் குடிவந்த முதல் இரண்டு வருடமும் அங்கே ஆடும் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்டங்களை நான் பாதிப் பாதியாகத்தான் பார்த்தேன். பந்து மறைவான பக்கம் போனால் நெஞ்சு இடிக்கத் தொடங்கும். சத்தம் கேட்டால் கோல் என்று அர்த்தம். அநேகமாக எங்களுக்குத்தான் விழுந்திருக்கும்.

கீழே இறங்கிப் போகப் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாராவது வந்து நோர்வேஜியனில் ஏதாவது கேட்பார்கள், நான் பிழையாக ஏதாவது சொல்லுவேன், அது எங்கேயோ போய் எழுதப்படும் என்று நினைப்பேன். தபால் பெட்டியைத் திறக்கவே எனக்குக் கை கூசும். "கடிதம் கடிக்காதப்பா, திறவுங்கோ" என்று மனைவி சிரிப்பாள். பஸ் கழுவும் இடத்தில் எனக்கு வேலை. அங்கே பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலையில் பத்து வருடம் நின்றேன்.

என்னைக் கீழே இறக்கியதும் பயம்தான். வசந்தத்தில் ஒருநாள் படிக்கட்டில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: சனிக்கிழமை மைதானத்தில் டுக்னாட். சம்பளமில்லாமல் அயலவர் எல்லோரும் கூடிச் செய்யும் வேலைக்கு இங்கே அதுதான் பெயர். வராதவர்களை ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது போதும் எனக்கு. எல்லோருக்கும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

மைதானத்தில் ஒரேயொரு கிழவர்தான் நின்றார். கழகத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு முழங்கால் மடங்காது. கோடு போடுவது, சட்டைகள் தோய்ப்பது, கோப்பி ஊற்றுவது எல்லாம் அவர்தான். என் கையில் ஒரு வாரியைத் தந்தார். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக் கல்லை மத்தியானம் வரை வாரினேன். பிறகு ஒரு வாஃபலும் கோப்பியும் தந்து, அடுத்த சனி வலை கட்ட வருகிறாயா என்று கேட்டார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டினேன்.

அப்படித்தான் நான் அந்தக் கழகத்தின் ஆள் ஆனேன். சொந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் பிறகு விட்டதில்லை. பட்டியலின் அடியில் கிடந்த கழகம் அது. முப்பது நாற்பது பேர் பார்க்க வருவார்கள். அதில் ஆட்டக்காரரின் காதலிகளையும் நாய்களையும் கழித்தால் நாங்கள் பத்துப் பேர் தேறுவோம். அந்தப் பத்தில் ஒருவர் சென்னைக்காரர், கணினி வேலைக்கு வந்தவர். எனக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். நான் பேசுகிற தமிழ் அவருக்குப் பாதி விளங்காது, அவர் பேசுவது எனக்கு முழுக்க விளங்கும். சினிமா பார்த்ததால் வந்த அறிவு.

"என்ன சார், இன்னைக்கு எத்தனை வாங்கப் போறோம்?" என்பார்.

"வாயைக் கழுவுங்கோ" என்பேன்.

ஓகஸ்ட் மாதம் எங்கள் கோல்காப்பாளருக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. செயலாளர் என்னிடம் வந்து, உங்கள் ஆட்கள் கோடையில் சுற்றுப்போட்டிகள் வைக்கிறீர்களே, கோல் காக்கிறவன் ஒருவனும் இல்லையா என்று கேட்டார். இருக்கிறான் என்று சொன்னேன். யோசிக்காமல் ஒரு விஷயத்துக்கு ஓம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் என் மனைவியின் தம்பி. ட்வெய்ட்டாவில் ஒரு அறை எடுத்து இருந்தான். வந்து நான்கைந்து வருடம். நிரந்தரமாக இருப்பதற்கான விண்ணப்பம் போட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான். ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் வீட்டில் மட்டும், இனி ஆட்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற கதை ஓடிக்கொண்டிருந்தது.

செயலாளர் பதிவுப் படிவத்தை என் முன்னால் வைத்தார். "உங்கள் பெயர்களை நான் எப்போதும் பிழையாக எழுதுகிறேன். நீயே எழுது" என்றார். என்னை நம்பி ஒருவர் படிவம் தந்தது அதுதான் முதல் தடவை. பதினொரு கட்டம் இருந்தது. முதல் ஆறும் பிறந்த திகதி, மற்ற ஐந்தும் அரசாங்கம் தரும் இலக்கம். திகதி எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எங்கள் வீட்டில் அவனுக்குக் கேக் வெட்டினோம். பெருமையோடு எழுதினேன். பிறகு அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கடைசி ஐஞ்சு நம்பரையும் சொல்லடா."

"முதல் ஆறு வேண்டாமோ அத்தான்?"

"அது எனக்குத் தெரியாதோ? நீ கடைசியைச் சொல்லு."

சொன்னான். எழுதினேன். செயலாளர் கையெழுத்துப் போட்டு உதைபந்தாட்டச் சங்கத்துக்குத் தபாலில் சேர்த்தார். அடுத்த சனிக்கிழமை அவன் எங்கள் கோலுக்குள் நின்றான். கழகம் அந்த வருடம் முதன்முதலாகச் சொந்த மைதானத்தில் வென்றது.

திங்கட்கிழமை பின்னேரம் அவன் எங்கள் வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விழுந்து பாய்ந்ததில் இடுப்பு நோ. வைத்தியரிடம் நேரம் எடுக்க மனைவி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, "உன்ரை நம்பரைச் சொல்லு" என்றாள். அவன் பதினொன்றையும் சொன்னான். முதல் ஆறும் வேறு.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்கள் கனபேருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்றுக்குக் கேக், மற்றதற்குக் கடிதம். இவனை அனுப்பிய ஏஜென்சிக்காரன் வேறு யாரோ ஒருவனுடைய கடவுச்சீட்டைக் கொடுத்துத்தான் விமானம் ஏற்றினான். வழியெல்லாம் அந்தத் திகதியைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவன், இறங்கிப் பொலிஸ் கேட்டபோது பயத்தில் அதையே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இந்த நாட்டில் அவன் மூன்று வயது இளையவன். அவனுடைய விண்ணப்பமும் அந்தத் திகதியின் மேல்தான் இருந்தது. உண்மையான திகதியை அவனுடைய பெயருக்கு நேரே கறுப்பு மையில், என் கையெழுத்தில், நான் எழுதி அனுப்பியிருந்தேன்.

"ஏன் அத்தான் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. உறைப்புக் கூடிப் போச்சு."

அவனிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. உதைபந்தாட்டச் சங்கத்துக்காரர் அந்தத் திகதியைக் குடிவரவுக்காரருக்கு அனுப்புவார்களா, மாட்டார்களா என்று யாரிடம் கேட்பது? கேட்டாலே அதுவும் ஒரு துப்பு. பஸ் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்துக்குள், அவனைக் கூட்டிக்கொண்டு போக இரண்டு பேர் கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். குழாயை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

அடுத்த ஆட்டத்திலிருந்து நான் ஆட்டம் பார்த்த விதத்தை எப்படிச் சொல்வது? கழகம் வெல்ல வேண்டும், ஆனால் அவன் கண்ணில் படக்கூடாது. மெல்லமாக ஒரு பந்து வந்து, அவன் மெல்லமாகக் குனிந்து எடுத்தால் நல்லது. இவனோ பூனை மாதிரிப் பாய்கிறான். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் எனக்கு உயிர் போகும். கோல் விழுந்தால் ஒரு கணம் நிம்மதி, பிறகு வெட்கம். போதாக்குறைக்குச் சென்னைக்காரர் இரண்டு கையையும் வாயில் குவித்து அவனுடைய முழுப் பெயரையும் கத்துவார்.

"பேரைக் கூப்பிடாதேங்கோ" என்று அவருடைய கையைப் பிடித்தேன்.

"ஏங்க? நம்ம ஆளுங்க! நாலு பேருக்குத் தெரியட்டுமே!"

"அவனுக்குக் கூச்சம்."

"உங்களைப் பாத்தா உங்களுக்குத்தான் சார் கூச்சம் மாதிரி தெரியுது."

செப்டெம்பர் கடைசியில் லில்லெஸ்ட்ரோம் பக்கத்திலிருந்து ஒரு அணி வந்தது. கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு தண்டனை உதை. நான் வழக்கம்போல் திரும்பி நின்றுகொண்டேன். சத்தத்திலிருந்து தெரிந்தது, பிடித்துவிட்டான். எல்லோரும் அவன் மேல் விழுந்து புரண்டார்கள். நான் பார்த்ததோ எதிரணிப் பயிற்சியாளரை. அந்த ஆள் நேரே நடுவரிடம் போய் ஆட்டக்காரர் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

"முறைப்பாடு செய்யப் பார்க்கிறான். தோற்றால் எல்லோரும் செய்கிறதுதான். எங்கள் கடதாசிகள் எல்லாம் சரி" என்றார் செயலாளர்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த மைதானத்தில் இன்னும் ஒரேயொரு ஆட்டம் இருந்தது. அதில் தோற்காமல் விட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கமாட்டோம். எல்லோருக்கும் அதுதான் கவலை. எனக்கோ, முறைப்பாடு போய் யாராவது அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பதற்குள் திகதியை மாற்றிவிட வேண்டும். அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

ஆட்டத்தன்று விடிந்ததும் போனேன். செயலாளர் தனியாக வாஃபல் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். படிவத்தில் நான் திகதியைப் பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கோப்பிலிருந்து கார்பன் பிரதியை எடுத்தார். சரியான திகதி என்ன என்று கேட்டார். அரசாங்கக் கடிதங்களில் உள்ள திகதியைச் சொன்னேன். புதிய படிவத்தில் எழுதிக்கொண்டார்.

"அப்படியானால் இது யாருடைய பிறந்தநாள்?"

கேட்பார் என்று நான் நினைக்கவேயில்லை. "என்னுடைய மகனுடையது. மாறி எழுதிவிட்டேன்" என்றேன்.

எனக்கு மகன் இல்லை. என் இரண்டு பெண் பிள்ளைகளும் எத்தனையோ சனிக்கிழமை அவருடைய மேசையில் இருந்து வாஃபல் சாப்பிட்டவர்கள். திகதியின்படி பார்த்தால் அந்த மகன் எனக்கு ஏழு வயதில் பிறந்திருக்க வேண்டும். செயலாளர் என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கார்பன் பிரதியை நான்காக மடித்துத் தன் கால்சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சங்கத்தில் உள்ள படிவத்தையும் நான் கேட்டு எடுத்துவிடுகிறேன். அவர்களுக்கு அது ஒரு குப்பைத் தாள்" என்றார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனால் இன்றைக்கு அவன் ஆட முடியாது."

"ஏன்?"

"பதிவு பிழை. நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்துகொண்டு அவனுடைய பெயரைத் தாளில் எழுத என்னால் முடியாது. லில்லெஸ்ட்ரோம்காரன் கேட்டால், பழைய ஆட்டங்களுக்கும் நானே பதில் சொல்லுவேன்." மறுபடியும் மாவைக் கலக்கத் தொடங்கினார்.

மச்சானுக்கு உடைமாற்றும் அறைக்கு வெளியே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஆரைக் கேட்டுப் போய்ச் சொன்னனீங்கள்?"

"உனக்காகத்தானடா."

"எனக்காகவோ? உங்கடை பயத்துக்காக! ஒருத்தரும் பாத்திருக்க மாட்டினம் அத்தான். ஒருத்தரும்!"

"பாத்திருந்தால்?"

அவன் கையுறையைக் கழற்றாமலே ஆட்டம் முழுக்க எனக்குப் பக்கத்தில், கோலுக்குப் பின்னால் நின்றான். கோலுக்குள், இருப்பவர்களில் உயரமானவர் என்று ஒரு பின்வரிசைக்காரரை நிறுத்தியிருந்தார்கள். சென்னைக்காரர் ஓடிவந்தார். "ஏங்க, நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டார். "கையிலை நோ" என்றான் மச்சான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முதலாவது கோல் உயரமானவரின் காலுக்கு இடையால் போனது. இரண்டாவதற்கு அவர் அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் மச்சானின் உடம்பு பந்து வந்த திசைக்கு ஒரு சாண் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்குக்கு ஒன்று. கீழே இறங்கினோம். உயரமானவர் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு போனார். செயலாளர் நொண்டி நொண்டி மூலைக்கொடிகளைப் பிடுங்கினார். உதவிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

மாசி மாதம் மச்சானுக்குக் கடிதம் வந்தது. நிரந்தர அனுமதி. மனைவி அழுதாள். லில்லெஸ்ட்ரோம்காரர் முறைப்பாடு செய்யவேயில்லை என்று பிறகு அறிந்தேன். அந்தக் கொப்பியில் என்ன எழுதினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் அவனைக் காப்பாற்றினேனா, இல்லை ஒன்றுமில்லாத ஒன்றுக்காகக் கழகத்தைக் கீழே இறக்கினேனா? பஸ் கழுவும்போது இரண்டையும் மாறி மாறி நினைப்பேன். ஒரு நாளைக்கு ஒன்று சரியாகத் தெரியும்.

சித்திரையில், கீழ்ப்பிரிவின் முதல் ஆட்டத்துக்கு, அவன் சரியான இலக்கத்தோடு கோலுக்குள் நின்றான். என்னோடு இன்னும் பெரிதாகக் கதைப்பதில்லை. ஐந்தாம் நிமிடம் ஒருவன் இருபது மீற்றரில் இருந்து அடித்தான். பந்து வளைந்து வந்தது. வாசலில் நிற்கும் இரண்டு பேர், கொப்பி, படிவம் ஒன்றுமே எனக்கு ஞாபகம் வரவில்லை. ஐயோ, உள்ளே போகப்போகுது என்று மட்டும்தான் பயந்தேன்.